கீரிப்பிள்ளையில் பிள்ளையைக் காணோம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிஜெக்ட் அக்காவின் கண்ணுக்கு முதல் பார்வையில் தேறிய பொருளும் கிடையாது, மனிதரும் கிடையாது. டீக்கடையில் வடையைக் கையில் வாங்கியதும் ஓட்டை நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பார். "சென்டர் அவுட்டு. வேற குடு நைனா" என்று திருப்பிக் கொடுப்பார். கடைக்காரரும் வேறு வடை எடுத்துக் கொடுப்பார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகக் கல்யாணமான ஒருவர் மனைவியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அக்கா அதைத் தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பொண்ணு ஓகே. நீதான் ரீவொர்க்கு" என்றார்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் அழைத்துக் கேட்டதில்லை. காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் ரிஜெக்ட் அக்கா.

மேனாம்பேட்டுக்காரர். எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங்கில் இருந்தவர். மேசையில் கொட்டிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்த்து, தேறியதை இடப்பக்கமும் தேறாததை வலப்பக்கமும் போடுவது அவர் வேலை. கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது மற்றவர்கள் மின்விசிறி, நாற்காலி என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இவர் தன்னுடைய ரப்பர் சீலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வட்டம், அதற்குள் ஏழு என்ற எண். தேறிய பெட்டியின் மேல் குத்துவது.

"இந்த ஏழாம் நம்பர் குத்தின டப்பா ஒண்ணு கூட கஸ்டமர் கிட்டேர்ந்து திரும்பி வந்ததில்ல சார். ஒண்ணு கூட" என்பார். வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வார்.

நான் அந்த அலுவலகத்துக்கு வந்தது வேறு வழியில். பதினாறு வருடம் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து, பிறர் எழுதியதைத் திருத்தியே தலை நரைத்தவன். எங்கள் வேலை, பள்ளிக் குழந்தைகளுக்கான ஓர் இணையதளத்துக்குத் தமிழில் தகவல் பட்டியல்கள் தயாரித்துக் கொடுப்பது. ஆறுகள், கோள்கள், பறவைகள், பெயர் பெற்ற மனிதர்கள் என்று வரும். கீழ்த்தளத்தில் ஒரு தகடு அடிக்கும் பட்டறை. அங்கே பிரஸ் ஒருமுறை இறங்கினால் மேலே எங்கள் காப்பி டம்ளரில் அலை எழும்.

எழுத்தெழுத்தாகத் தமிழ் படிக்கக்கூடிய ஒரு செக்கர் வேண்டும் என்று மேலாளர் தினேஷ் விளம்பரம் கொடுத்தார். வந்தவர்களுக்கு இருபது பிழைகள் ஒளித்து வைத்த ஒரு பக்கத்தைத் தேர்வாக வைத்தார். பட்டதாரிகள் பன்னிரண்டு, பதினாலு என்று கண்டுபிடித்தார்கள். பத்தாவது வரை படித்த ரிஜெக்ட் அக்கா இருபத்து மூன்று பிழை காட்டினார். கூடுதலாக வந்த மூன்றும் தினேஷ் தன்னை அறியாமல் செய்தவை. அன்றே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

அக்காவின் முறை எளிமையானது. பட்டியலை அச்செடுத்து, வரிக்கு அடியில் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து, கீழே நகர்த்திக்கொண்டே வாசிப்பார். ஸ்கேல் நின்றால் அந்த வரியில் பிழை இருக்கிறது என்று பொருள். கடைசி வரியைத் தாண்டிவிட்டால் தாளின் மூலையில் ஏழாம் நம்பர் விழும். அதன் பிறகு அந்தக் கோப்பு என்னிடம் வரும். நான் ஒருமுறை பார்த்துவிட்டு வாடிக்கையாளருக்கு ஏற்றிவிடுவேன். அந்த வரிசையில் கடைசிக் கை என்னுடையது. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

கீரி இனங்களின் பட்டியல் வந்தபோதுதான் அக்காவின் முழு உருவத்தையும் நாங்கள் கண்டோம். உலகத்தில் எத்தனை வகைக் கீரி உண்டோ அத்தனையும் முப்பது சொச்சம் வரிகளில் இருந்தன. பெயர், அறிவியல் பெயர், உடல் நீளம், வால் நீளம், உணவு, வாழிடம், ஒரு படம். பகுதிநேரக்காரர் ஒருவர் எங்கெங்கிருந்தோ திரட்டித் தந்திருந்தார்.

அக்கா தாளைத் தொடவில்லை. "மாஸ்டர் பீஸ் எங்க?" என்றார்.

போல்ட் கம்பெனியில் எந்த அளவையும் பார்க்கும் முன் ஒரு குறையில்லாத மாதிரிப் போல்ட்டைக் கையில் கொடுப்பார்களாம். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட வேண்டும். அதன் பெயர் மாஸ்டர் பீஸ்.

"அக்கா, கீரிக்கு மாஸ்டர் பீஸ் எங்க போறது? நெட்ல பாருங்க" என்றார் தினேஷ்.

"நெட்டு இன்னா நெட்டு. அதுவும் ஒரு சப்ளையர்தான். சப்ளையர் சொன்னத வெச்சி சப்ளையர் சரக்க செக் பண்ண முடியுமா?"

தினேஷ் என்னைப் பார்த்தார். பத்திரிகையில் பதினாறு வருடம் இருந்த நானும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பாரிவாக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். பக்கத்தில் காலி மனை. அதன் சுற்றுச்சுவர் மேல் தினமும் ஒரு கீரி நடந்து போகும் என்று தங்கை சொல்லியிருந்தாள். அக்கா சுவரின் விளிம்பில் தையல்காரர் டேப்பை நீளமாக ஒட்டிவிட்டு, எதிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கைப்பேசியோடு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார். பக்கத்துக் குடியிருப்பின் காவலாளி வந்து கேட்டிருக்கிறார்.

"இன்னாம்மா பண்ற இங்க?"

"செக்கிங்."

"யாரு அனுப்ச்சாங்க?"

"கம்பெனி. வழிய மறைக்காத அண்ணாத்தே, பீஸ் வர்ற நேரம்."

பதினொன்றே காலுக்குப் பீஸ் வந்தது. திங்கட்கிழமை படத்தை எல்லாருக்கும் காட்டினார். டேப்பின் மேல் ஒரு சாம்பல் கீரி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, தன்னை யாரோ அளக்கிறார்கள் என்று புரிந்துகொண்ட முகத்தோடு நின்றது. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை எண்கள் தெளிவாகத் தெரிந்தன.

பிறகு ஸ்கேல் நகரத் தொடங்கியது. இரண்டாவது வரியிலேயே நின்றது.

"சார், இங்க வா. ஒடம்பு பதினாறு. வாலு நாப்பது. இது கீரிப்பிள்ளையா, காத்தாடியா?"

பகுதிநேரக்காரர் உடலை அங்குலத்திலும் வாலைச் சென்டிமீட்டரிலும் எடுத்துப் போட்டிருந்தார். எல்லா எண்ணும் அதனதன் அளவில் சரி. எந்தப் புத்தகத்தோடு ஒப்பிட்டாலும் பிழை தெரிந்திருக்காது. பாரிவாக்கத்துச் சுவர் மேல் நின்ற அந்தக் கீரியின் வால் அதன் உடம்பளவுதான் இருந்தது. அதனால் பிடிபட்டது.

ஒன்பதாவது வரிக்கும் பதினேழாவது வரிக்கும் ஒரே படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். வேறு யாருக்கும் தெரியவில்லை. "காதுல வெட்டு கீது பாரு. அதே ஆளுதான். அந்தப் பக்கமா திரும்பிகினு வேற பேர்ல வந்துகிறான்" என்றார் அக்கா. மீர்கட் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று நான் விளக்க அரை மணி நேரம் ஆனது. எழுந்து நின்று வேடிக்கை பார்க்கிற ஜந்துவைக் கீரி என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. மடகாஸ்கரில் கீரி என்றே பெயர் வைத்த சில விலங்குகள் உண்டு, ஆனால் அவை வேறு குடும்பம், பட்டியலில் வரக்கூடாது என்றபோது மட்டும் உடனே புரிந்துகொண்டார்.

"எங்க தெருல டாக்டர் டாக்டர்னு ஒருத்தன கூப்புடுவாங்க சார். ஊசியக் கண்டா மயக்கம் போட்டுருவான். அது மாரிதான இது?"

அது மாதிரிதான் என்றேன். அந்த வரிகள் அனைத்தும் வலப்பக்கம் போயின.

கடைசியாகப் பெயரில் வந்து நின்றார். பாதி வரிகளில் கீரி, பாதி வரிகளில் கீரிப்பிள்ளை. இரண்டும் ஒன்றுதான், பாதகமில்லை என்றேன்.

"ஒரே லாட்டுல ரெண்டு சைசா? கஸ்டமர் சிரிப்பான் சார்."

"சரி, எல்லாத்தையும் கீரின்னு போட்டுரலாம்கா. சின்ன வார்த்தை."

"அத்த ஏன் சின்னது பண்ற? ஊர்ல பிள்ளைன்னு கூப்டுற ஜீவன நாம மொட்டையா கூப்டுறதா? அதுக்குன்னு ஒரு மரியாத வேணாம்?"

எல்லா வரியும் கீரிப்பிள்ளை ஆனது. அக்கா மறுபடி முதலிலிருந்து ஸ்கேலை நகர்த்தினார். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏழாம் நம்பர் விழுந்தது. அந்தத் தாளைப் போல ஒரு சுத்தமான அச்சுப்படியை நான் நாளிதழிலும் பார்த்ததில்லை.

அன்று மதியம் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. பெயர் பெற்ற மனிதர்கள் பட்டியலில் சாதிப் பெயர்களை நீக்கிவிட வேண்டும். நியாயமான கோரிக்கை. அந்தப் பட்டியலும் கீரிப் பட்டியலும் ஒரே கோப்பில் அடுத்தடுத்த தாள்களாக இருந்தன. நான் கணினியில் ஒவ்வொரு சாதிப் பெயராகத் தேடச் சொல்லி, அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் செய்யச் சொன்னேன். முதலியார் போனார், செட்டியார் போனார், பிள்ளையும் போனார். எல்லாத் தாள்களிலும் மாற்றவா என்று கணினி கேட்டது. ஆமாம் என்றேன். திரும்பப் பார்க்காமல் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திங்கட்கிழமை வாடிக்கையாளரின் மடல் வந்தது. "சாதிப் பெயரை நீக்கச் சொன்னோம், கீரிக்கும் சேர்த்து நீக்கியதற்கு நன்றி. ஆனால் 'சாம்பல் கீரிப்' என்றால் என்ன என்று ஓர் ஆசிரியர் கேட்கிறார்."

திறந்து பார்த்தோம். சாம்பல் கீரிப். செங்கீரிப். பட்டைக்கழுத்துக் கீரிப். முப்பது சொச்சம் கீரிகளும் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஒரு 'ப்' மட்டும் வாலாகத் தொங்க நின்றன. அலுவலகமே சிரித்தது. எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. தினேஷ் மடலை வெறும் கிண்டலாக எடுத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கீரிப்பிள்ளைனு மாத்தச் சொன்னது அக்காதானே? மாத்துறப்போ ஏதோ ஆயிருக்கு. சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

என் பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். நான் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"பார்க்கலாம்" என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். பொய் என்று அதை யாரும் நிரூபிக்க முடியாது. வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. தினேஷ் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார், சிரித்துவிட்டு விட்டிருப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். மற்றவர்கள் பிழையை நான் எத்தனை முறை சத்தமாகப் படித்துக் காட்டி அறையைச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அக்கா வாதாடவில்லை. கணினித் திரையின் மேல் ஸ்கேலை வைத்து அன்று முழுவதும் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி சார் மிஸ் ஆச்சி? ஒண்ணு ரெண்டுன்னா சரி. முப்பது எடத்துல கீது சார். முப்பது எடமும் என் கண்ணுல படலியா?"

"விடுங்கக்கா. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். என் பிழைக்கு அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"நான் குத்துன பிரின்ட்டு எங்க சார்? அத்தப் பாத்தா தெரிஞ்சிரும்."

அது அலமாரியில் பச்சைக் கோப்பில் இருந்தது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது எடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கீரிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, கீரிப்பிள்ளை. மூலையில் ஏழு. அதை நான்காக மடித்து என் பைக்குள் வைத்தேன்.

"பழைய பேப்பரோட போயிருக்கும்கா" என்றேன்.

அடுத்த வாரம் அக்கா வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. "ரிட்டர்ன் வந்துருச்சி சார். இனிமே நான் ஓகேன்னு சொன்னா அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று மட்டும் சொன்னார். ஸ்கேலையும் சீலையும் ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வாசல் வரை போய் வழியனுப்பியவனும் நான்தான்.

ஒன்றரை வருடம் கழித்து, பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தபோது, ஒரு பலகாரக் கடையின் உள்ளே அவரைப் பார்த்தேன். தடிமனான கண்ணாடி போட்டிருந்தார். முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார்! இன்னா சார் இந்தப் பக்கம்?"

"செக்கிங் வேலை எதுவும் கிடைக்கலையாக்கா?"

"யாரு தேடுனா? கண்ணு போச்சி சார். டாக்டர் கிட்ட போனேன். படிக்கிற பவர் கொஞ்சம் கொறஞ்சிகீது, மத்தபடி நல்லாத்தான் கீதுன்னாரு. நல்லா இருந்தா முப்பது எடம் எப்டிப்பா மிஸ் ஆவும்னு கேட்டேன். பதில் சொல்லத் தெரியல அவருக்கு."

டாக்டரையும் ரிஜெக்ட் செய்திருந்தார். இந்தக் கண்ணாடி அவரே கடையில் பார்த்து, ஆக அதிக பவராக எடுத்துக்கொண்டது. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை ஒரு உடைந்த முறுக்கை எடுத்தது. பொட்டலத்துக்குள் போட்டது. எடை மெஷினில் வைத்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அன்றும் சொல்லாமல்தான் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனாம்பேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். மடிப்பில் தாள் பழுத்திருந்தது. அதை நீட்டினேன். அவர் உள்ளே போய் ஸ்கேலைக் கொண்டுவந்தார். தரையில் தாளை விரித்து, முதல் வரிக்கு அடியில் வைத்து, நகர்த்தத் தொடங்கினார். முப்பது சொச்சம் கீரிகளையும் வாய்விட்டுப் படித்தார். ஸ்கேல் எங்கும் நிற்கவில்லை.

"எல்லாம் கரெக்டா கீதே சார்."

"நான்தான்கா. நீங்க சீல் குத்தின பிறகு, சாதிப் பெயரை எடுக்கிறேன்னு நான்தான் எல்லாத்தையும் மாத்திட்டேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"இது எங்க இருந்துச்சி இவ்ளோ நாளா?"

"என் வீட்டுல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து ஒரு வரி படித்தார். கிட்டத்தில் கொண்டுவந்து ஒரு வரி படித்தார். தெருவில் எதிர்வீட்டுக் கதவு எண்ணைப் படித்தார். அதன் கீழே ஒட்டியிருந்த கேபிள்காரர் துண்டுச் சீட்டையும் படித்தார்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் கீது" என்றார்.

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குத் தரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. அந்தச் சந்தோஷம் முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யோவ்! ஒன்றர வருசமா ஒடஞ்ச முறுக்க வித்துகினு கீறேன்யா! படிச்ச ஆளாய்யா நீ? எனக்கு ஆறுதல் வேற சொன்னியே! வாசல் வரைக்கும் வந்து டாட்டா காட்னியே!"

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கால் மணி நேரம் நின்று வாங்கிக்கொண்டேன். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "இத்த என்கிட்ட சொன்னா போதாது. ஆபீசுல சொல்லு" என்றார்.

மறுநாள் சொன்னேன். தினேஷ் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த கிளையன்ட்டே இப்ப நம்மகிட்ட இல்ல சார். எந்த கீரி?" என்றார். போன் செய்து அக்காவிடம் சொன்னேன்.

"அவன் கேக்கலன்னா வேற எங்கயாச்சும் எழுது. நாலு பேர் படிக்கிற எடமா பாரு. என் பேரப் போடாத. ஒன் பேரப் போட்டுக்க."

அதனால்தான் இது.

அக்கா பலகாரக் கடையை விட்டுவிட்டார். எஸ்டேட்டில் ஒரு கியர் கம்பெனியில் மறுபடி செக்கிங்கில் இருக்கிறார். வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார். பழையபடி 'சார்' என்று மட்டும் கூப்பிடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அவருக்கு 'யோவ்'தான். அதைத் திருத்தச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, விருப்பமும் இல்லை. சில நாள் சாயங்காலம், நேராகப் போகவேண்டிய நான், மேனாம்பேடு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். தெருமுனையிலிருந்து யாராவது 'யோவ்' என்று கூப்பிடுவார்களா என்று.